நேர்கோட்டில் முப்பத்தெட்டு

கிர்கெனெஸிலிருந்து வாட்ஸோவுக்கு
முப்பத்தெட்டு கிலோமீட்டர், கிட்டத்தட்ட நேர் வடக்கு.
பதினைந்து நிமிடம் என்கிறது அட்டவணை.
அட்டவணை காற்றைக் கேட்டு எழுதியதல்ல.

நடுவில் வராங்கர் ஃபியோர்டு.
சாலை கடலுக்கு வழிவிட்டு வழிவிட்டு
மேற்கே போய்த் தலையைச் சுற்றித் திரும்புவதற்குள்
நூற்றறுபதைத் தாண்டிவிடும்.

பயணச்சீட்டு பார்ப்பவன் நான்.
பெட்டி ஏற்றுபவனும் நானே,
இறக்கையில் உறைந்ததைக் கரைக்க
மருந்து பீய்ச்சுபவனும் நானே.
இங்கே தொப்பிகள் அதிகம், தலைகள் குறைவு.

ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமைகளில் ரவ்னா வருவாள்.
பத்து வயது. துணையில்லாப் பயணி என்று
கழுத்தில் ஓர் அட்டை.
இந்தக் கரையில் அம்மா, ஆஸ்பத்திரியில் இரவுப் பணி.
அந்தக் கரையில் அப்பா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.
இருவருக்கும் இடையே பேச்சில்லை, குறுஞ்செய்தி உண்டு,
அதுவும் விமானம் எத்தனை மணிக்கு என்பதோடு சரி.

கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறாள்.
சக்கரம் தரையை விட்ட நொடியிலிருந்து
திரும்பத் தொட்ட நொடிவரை எழுதுவாள்.
பதினொன்று. பத்தரை.
பதினான்கு, எதிர்க்காற்று.
ஒருமுறை ஒன்பது, பக்கத்தில் ஆச்சரியக்குறி.
"மிட்டாய் கரையக்கூட நேரமில்ல,"
என்னவோ நான்தான் விமானத்தைத் துரத்தியதுபோல் முறைப்பாள்.

நவம்பரில் ஒரு வெள்ளி. இரண்டு மணிக்கே இருட்டு.
வாட்ஸோ மேல் மூடுபனி.
மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு
போன விமானம் போன முகத்தோடு திரும்பியது.
கீழே கார் நிறுத்துமிடத்தில் அவள் அப்பா
தலைக்கு மேல் இரைச்சல் வந்து வந்து போவதை
அண்ணாந்தபடி நின்றிருந்தாராம்.

என் கவுண்டரில் நோட்டை வைத்து எழுதினாள்:
நேரம் நாற்பத்தேழு. தூரம் பூஜ்யம்.
பேனாவைக் கடித்தாள்.
பூஜ்யத்தை அடிக்கவில்லை.

அம்மா வந்தார், கையில் கார் சாவி.
வெளியே போய் அலைபேசியில் பேசினார்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
சொல் எதுவும் கேட்கவில்லை;
வாயிலிருந்து ஆவி மட்டும் வந்துகொண்டே இருந்தது,
நெடுநேரம்.

"பாதி வழியில பார்த்துக்கறோம்" என்றார் என்னிடம்,
நான் கேட்காமலே.
ஃபியோர்டின் தலைமாட்டில் வராங்கர்பொட்ன்.
அவருக்கு நூற்றுப் பத்துச் சொச்சம்,
அங்கிருந்து வருபவருக்கு ஐம்பது.
எந்தக் கணக்கில் பாதி என்று
இதையும் நான் கேட்கவில்லை.

மிச்சத்தை ரவ்னா இரண்டு வாரம் கழித்துச் சொன்னாள்.
பெட்ரோல் பங்கில் மூன்று பேரும் சாசேஜ் தின்றார்கள்.
வெங்காயம் போடாதீர்கள் என்று
அப்பாவுக்காக அம்மாவே கடைக்காரரிடம் சொல்லிவிட்டார்.
அப்புறம் இருவரும்
வழியில் கலைமான் கூட்டம் மறித்த இடத்தைப் பற்றிப் பேசினார்கள்.
ஒரே கூட்டமா, வேறு வேறா என்று
முடிவாகவே இல்லையாம்.

நோட்டைக் காட்டு என்றேன்.
தூரத்துக்கு நேரே இரண்டு எண்கள், கூட்டாமல்.
நேரத்துக்கு நேரே ஒன்றுமில்லை.
"எழுத மறந்துட்டியா?"
"கடிகாரம் பார்க்கல."

அவள் பெட்டியை வண்டியில் ஏற்றினேன்.
காற்று தெற்கிலிருந்து,
வானத்தில் ஒரு பிசிறு இல்லை.
இன்றைக்கு ஒன்பதிலேயே போய்விடும்.
மிட்டாய் இரண்டாகக் கொடுத்தனுப்பினேன்.