அறுபத்திரண்டாம் ராடு

மூலனூருக்குத் தெற்கே, கிட்டுசாமி காட்டில்
உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்ற இடத்தில்
வண்டியை நிறுத்திச் சாயங்காலம் ஆறுக்கு
போர் போட ஆரம்பித்தோம்.
முதல் அறுபதடி செம்மண், ஓடைக்கல்.
அப்புறம் புகை. வெறும் புகை.
கிளுவை வேலி வெளுத்துப் போனது.
கிட்டுசாமியின் புருவமும்.

எனக்கு ஒரு பழக்கம்:
கம்ப்ரசர் இரைச்சலிலும் கேபின் விளக்கில் கதை படிப்பேன்.
அன்றைக்கு அட்டை கிழிந்த ஒரு நாவல்.
வேற்றுக்கிரகத்தார் வருகிறார்கள்,
வானத்திலிருந்துதான், வேறெங்கிருந்து?
ஒரு விஞ்ஞானி பகா எண்களாக
விளக்கை அணைத்து அணைத்துப் போடுகிறார்.
எண்பத்து நாலாம் பக்கத்தை மடித்துவிட்டு இறங்கினேன்,
அறுபத்திரண்டாம் ராடு மாட்ட.

ஆயிரத்து இருநூற்று நாற்பது அடி.
"இதுக்குங் கீழ ஒண்ணும் இல்லீங்க."
"இன்னொரு ராடு எறக்குங்க. கடனோட கடன்."
மாட்டுவதற்காக எஞ்சினை அணைத்தேன்.
அப்போது ராடு தட்டியது.

இரும்பு குளிர்ந்தால் சத்தம் வரும் என்றேன்.
புத்ராம் ராட்டில் காதை வைத்தான்.
ராஞ்சிக்கும் அந்தப் பக்கத்துப் பையன்,
என்னோடு சேர்ந்து மூன்று வருஷமாகத் தமிழ் பேசுகிறவன்.
"அண்ணா, எண்ணுது."

நாற்பத்தேழு. நிறுத்தம்.
ஐம்பத்தைந்து. நிறுத்தம்.
முப்பத்தெட்டு.
லாரி டயரில் சாக்பீஸால் கோடு கோடாகப் போட்டான்.
பகா எண்ணாக இருக்குமோ என்று பார்த்தால்
ஐம்பத்தைந்து உதைத்தது.

டயர் நிறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.
சீட்டுக்கடியில் இருந்த பழுப்பு நோட்டை எடுத்தேன்.
கன்னிவாடிப் பள்ளிக்கூடம், நாற்பத்தேழு ராடு.
சின்னதாராபுரம் கோழிப்பண்ணை, ஐம்பத்தைந்து.
கல்யாண மண்டபம், முப்பத்தெட்டு.
பதினோரு வருஷமாக நான் போட்ட ஓட்டைகள்,
போட்ட வரிசையிலேயே.
ஒரே ஒரு இடத்தில் கணக்கு இடித்தது:
குண்டடத்தில் நாற்பது ராடு இறக்கி
நாற்பத்திரண்டுக்குக் காசு வாங்கியிருந்தேன்.
நாற்பது, என்றது கீழே.

நாம் தண்ணீர் என்பது
அவர்களுக்கு ஆகாசமோ என்னவோ.
இரும்பு ஒன்று கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுகிறது,
உறிஞ்சுகிறது,
அதற்கப்புறம் வருஷக்கணக்கில் உறிஞ்சுகிறது.
அவர்களிடமும் நாவல் இருந்தால்
எண்பத்து நாலாம் பக்கத்தில் வந்து இறங்குவது நான்தான்,
கிரீஸ் பனியனும் லுங்கியுமாக.

கிட்டுசாமி இன்னொரு ராடு கேட்கவில்லை.

விடிகாலையில் எல்லாவற்றையும் உருவினோம்.
கடைசியில் ஹேமர் வந்தது.
பிட்டின் பல்லிடுக்கில் முப்பத்திரண்டாம் நம்பர் ஸ்பேனர்.
ஆறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளகோவிலில்
என் கை நழுவிக் குழிக்குள் போனது.
முதலாளி சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.
பிடியில் நான் சுற்றிய சிவப்பு ஒயர் அப்படியே இருந்தது.
துரு இல்லை.

கிட்டுசாமி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"அவிக குடுத்துட்டதுங்களா?"
"ஆமாங்க போல."
"அப்பறம் வெறும் ஏனம் திருப்பித் தரப்படாதுங்களே."
டேங்கர்காரரிடம் நேற்று வாங்கிய நீல டிரம்மிலிருந்து
ஒரு குடம் மொண்டு வந்து
கேசிங் வாயில் ஊற்றினார்.
சிந்தாமல் இன்னொரு குடம்.
மூன்றாவதற்கு டிரம்மை எட்டிப் பார்த்தவர்
மாட்டையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

புத்ராம் குப்புறப் படுத்து
கேசிங்கில் காது வைத்திருந்தான்.
"இப்ப எண்ணல அண்ணா."
வேறென்ன கேட்டது என்றதற்கு
அவன் ஊர்ப் பேச்சில் ஒரு வார்த்தை சொன்னான்.
தமிழில் தெரியவில்லை என்றான்.

பில் புத்தகத்தை எடுத்தேன்.
தண்ணீர் என்ற கட்டத்தில்: ரெண்டு குடம், கீழே.
ராடு: அறுபத்திரண்டு.
அறுபத்திரண்டேதான்.