இடுப்பு இருக்கே

முதலில் லிஃப்டை அளந்தேன்,
ஜாக்கெட் தைக்கும் நாடாவால்.
கதவு மூடி மூடித் திறந்தது.
"என்னம்மா, பீரோ வருதா?" என்றார்
வாட்ச்மேன் சோலைமலை.
அறுபத்தொன்பது சென்டிமீட்டர்.
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்.

பிறகு எங்கள் வாசல்.
பிறகு வராந்தா.
அங்கே எதையும் நிறுத்தக் கூடாதென்று
சங்கத்தின் நோட்டீஸ்,
நிறுத்தியிருக்கும் மூன்று சைக்கிள்களுக்கு மேலே.

பைபாஸ் ரோட்டில் கடை.
முதல் வண்டிக்கு ஸ்கூட்டர் போலச் சக்கரம்,
தம்ளர் வைக்க ஓட்டை, கொசுவலை, கூரை.
மகபூப்பாளையம் சந்தில்
எதிரே ஒரு லோடு ஆட்டோ வந்தால்
இது பின்னாலேயே வீடு வரை வர வேண்டும்.
எழுபத்து நாலு.
உள்ளங்கையைப் பார்த்தேன். விட்டுவிட்டேன்.

அடுத்தது ஒரே கையில் மடங்கும் என்றாள் கடைப் பெண்.
மடக்கினாள். குடை போல மடங்கியது.
அவளுடைய இன்னொரு கை சும்மா தொங்கியது.
"அந்தக் கையில பிள்ளை இருக்கும்ல?"
யோசித்தாள்.
உள்ளே போய் ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பை ஒன்றைத்
தூக்கி வந்தாள், சாயங்காலம்
தன் வீட்டுக்குக் கொண்டுபோக வாங்கியது.

தோளில் சாய்த்தேன்.
என்னை அறியாமல் அரிசியின் முதுகைத் தட்டினேன்.
ஒற்றைக் கையால் இழுத்தேன், அழுத்தினேன், காலால் உதைத்தேன்.
வண்டி என் முழங்காலைக் கடித்ததே தவிர
மடங்கவில்லை.

ஜெய்லானி விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் ஒன்றும் குறைத்து எழுதவில்லை.
"ஒம்பதாயிரத்துச் சொச்சம்...
இடுப்பு இருக்கே" என்றார்,
கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்,
மிக்சி எதற்கு, அம்மி இருக்கே என்பது போல.

இருக்கிறது.
காலையில் ஒருக்களித்து
கட்டில் விளிம்பைப் பிடித்துத்தான் எழுகிறது.
தையலுக்குக் கீழே ஒரு விரற்கடை
இன்னும் என்னுடையதாகத் திரும்பவில்லை.
சொட்டு மருந்து போட்ட அன்று
ஆட்டோ கிடைக்காமல் அரசரடி வரை நடந்ததில்
வலப்பக்கம் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது.
இதையெல்லாம் கடையில் சொல்ல முடியுமா?

அரிசியை அவர் இடுப்பில் வைத்தேன்.
"கொஞ்சம் பிடிங்க."
மூன்றாவது வண்டியைப் பார்க்கப் போனேன்.
மெதுவாகவே பார்த்தேன்,
ஒவ்வொரு சக்கரமாக,
ஒவ்வொரு திருகாணியாக.

திரும்பி வந்தபோது
அரிசி இடமிருந்து வலம் போய்
மறுபடி இடத்துக்கு வந்திருந்தது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான்.

மூன்றாவதற்கு அழகு கிடையாது.
பள்ளிக்கூட யூனிஃபார்ம் நீலம்.
ஐந்தே முக்கால் கிலோ,
ஐம்பத்தொன்று சென்டிமீட்டர்.
கரண்ட் போனால் தோளில் மாட்டி
நாற்பத்தெட்டுப் படியும் ஏறிவிடலாம்.
கைப்பிடியைப் புரட்டினால்
பிள்ளை நம் பக்கம் பார்க்கும்.
தேர் திரும்ப வீதி விட்ட ஊரில்
எங்கள் வராந்தாவில் திரும்ப
இவ்வளவு போதும்.

ஞாயிறு காலை ஆறரைக்கு இறங்கினோம்,
நானும் ஹாஜிராவும்.
தோண்டி, மூடி, மறந்த இடத்தில்
அவள் கன்னம் இரண்டும் குலுங்கின.
கறிக்கடை வாசல் பைக்குகளுக்கு நடுவே
ஒரு நெளிவு. சாக்கடை மூடியில்
முன்சக்கரம் ஒரு கணம் மாட்டி, வந்தது.

நாலு மாதமாய் அவள் உச்சியைத் தெரியும்,
பால் குடிக்கையில் ஒற்றைக் காதைத் தெரியும்.
இப்போதுதான் ஒரு கை நீளத்தில்
முழு ஆள்.
பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தாள்.
பிறகு அடையாளம் தெரிந்து
வாயைத் திறந்தாள்.

வீடு வந்தால் கரண்ட் இல்லை.
இடது கால் சாக்ஸும் இல்லை.
பார்க்கிங் திண்டில் உட்கார்ந்து
பாதத்தால் வண்டியை முன்னும் பின்னும் தள்ளியபடி
ஜெய்லானிக்கு போன் போட்டேன்.
"கீழ வாங்க."
தூக்கக் கலக்கம். "என்ன எடுத்துட்டு வர?"
"ஒண்ணும் வேணாம்" என்றேன்,
"இடுப்பை மட்டும் கொண்டு வாங்க."