முப்பத்தொண்டோடை முடியுது

“உங்களோடு பயணித்ததில் மகிழ்ச்சி” எண்டு தொடங்கினால்
மூடப் போறாங்கள் எண்டு அர்த்தம்.
மூண்டு வருசத்திலை இது நாலாவது கடிதம்.
இலவசத் திட்டம் முப்பத்தொண்டோடை சரி,
இனி மாசம் ஏழு டொலர்.

பாசையூர் றெஜினோல்ட் அண்ணை எனக்குத் தாறது
மாசம் ரெண்டு கிலோ நண்டு.
அட்டை இலக்கம் கேக்கிற கட்டத்துக்குள்ளை
அதை எப்பிடி நிரப்புறது?

கொக்குவில் அறையிலை
யுபிஎஸ் கீச்சுக் கீச்செண்டு கத்த
ஒவ்வொண்டாய்க் கட்டுறன்:
இறால் விலைப் பட்டியல்,
ஐஸ் லொறி வாற நேரம்,
காத்துக் கூடின நாளுக்கெண்டு வைச்ச சிவப்புப் பட்டி.
இடம்பெயர்வு எங்களுக்குப் புதிசே எண்டு
எழுத வந்தது கை.
அழிச்சன்.
இது வெறும் சேர்வர்.

புது இடத்திலை ஒரு கட்டற்ற கருவி.
எல்லாம் ஓடுது, திகதி மட்டும் மறுக்குது.
ஆவணி நிண்ட இடத்திலை
நாலு கேள்விக்குறி.
திறந்து பாத்தன். பூட்டில்லை.
நூற்றுப் பதினெட்டாம் வரிக்கு மேலை
ஆரோ எழுதி வைச்சிருக்கினம்:
“இது ஏன் பிழைக்குதெண்டு எனக்கு விளங்கேல்லை,
தெரிஞ்சவை திருத்துங்கோ.”

திருத்தினன். அனுப்பினன்.
பேர் கேட்டது.
கயல்வதனி, யாழ்ப்பாணம்.

மூண்டே முக்காலுக்குப் போன்.
பின்னாலை கூறுகிற சத்தம், ஆரோ ஆரையோ ஏசுற சத்தம்.
“பிள்ளை, இண்டைக்கு உது கெதியா வருது.
என்ன செய்தனீ?”
“இடம் மாத்தினனான் அண்ணை.”
“எங்கை?”
எனக்கும் தெரியாது.
“சரி சரி. நண்டு ஆயிரத்து எண்ணூறு.
போடு.”