மரத்துக்கு ஒருத்தி

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள்
முத்தாண்டிக்குப்பத்துக்கு அனுப்பினார்கள் என்னை.
புயல்சேதக் கணக்கெடுப்பு, தினக்கூலி.
அட்டை, படிவம், நூலில் கட்டிய பேனா.

கடலூர்க் கல்லூரியில் ஒரு தாள் கிரேக்கம் படித்தவள் நான்.
பத்து மதிப்பெண் வினா: தெய்வங்களும் பொறுப்புகளும்.
கடல் பொசைடனுக்கு,
நிலநடுக்கம் அவனுக்கே கூடுதல் பொறுப்பு.
விளைச்சல் டிமீட்டருக்கு.
அடுப்பு ஹெஸ்டியாவுக்கு, எந்தச் சண்டைக்கும் போகாதவள்.
காற்றையெல்லாம் தோல்பையில் அடைத்து
முடிச்சின்மேல் கால்வைத்து உட்கார்ந்திருப்பவன் அயோலஸ்.
கலெக்டர் ஆபீஸ் மாதிரிதான், துறை துறையாய்.
டிசம்பர் முப்பது விடிகாலை
முடிச்சை அவிழ்த்தது யார் என்றால்
'தானே' என்கிறது எல்லாக் கோப்பும்.

முந்திரி மல்லாந்து கிடந்தது
கண் எட்டும் மட்டும்.
வேரில் செம்மண் காய்ந்து
நடந்தால் பொலபொலவென்று உதிர்ந்தது.

நேரமில்லாமல் விடைத்தாளில் விட்டுப்போன கடைசி வரி
அங்கேதான் நினைவுக்கு வந்தது:
ஹமத்ரியாடுகள், மரத்துக்கு ஒருத்தி.
மரத்தோடு பிறப்பாள், மரம் சாய்ந்தால் சாவாள்.
மழை தரமாட்டாள், வரம் தரமாட்டாள்.
இருப்பதுதான் அவள் பொறுப்பு.

"எத்தனை மரம்?"
தனக்கோட்டி எண்ணவில்லை, பேர் சொன்னார்:
கோணக்கழுத்தி. பிந்திப்பூத்தா. ரெட்டைக்கொட்டை.
எறும்புக்காரி. இடி வாங்குனவ.
மாமியா ஊட்டுது, அது பக்கத்துல அதோட மக.
நான் கோடு போட்டுக்கொண்டே போனேன்.
ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு.

நூற்றுப் பதினாலாவது
பாதி வேர் மண்ணுக்குள் இருந்தது.
முழங்கை ஊன்றி எழப் பார்ப்பவள்போல
கிளை தரையில்.
கணுவில் செம்புநிறத்தில் ஒரு தளிர்,
விரல்நகம் அளவு.

"இவ பேரு?"
"இன்னும் வைக்கல. காய்க்கட்டும்னு இருந்தேன்."

படிவத்தில் இரண்டே கட்டம்:
விழுந்தது, நிற்பது.
விழுந்தது என்றால் நிவாரணம்.
விழுந்ததையெல்லாம் விறகு விலைக்குப் பேசி
ரம்பக்காரன் களத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.
தனக்கோட்டி என் பேனாவையே பார்த்தார்.
தளிர்ப் பக்கம் திரும்பவே இல்லை.

நிற்பது, என்று எழுதினேன்.

நாலாம் நாள் சிவப்பு வட்டம் போட்டு
படிவம் திரும்பி வந்தது.
சாய்ந்த மரம் எப்படி நிற்கும்? காரணம் தருக.
குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:
உள்ளே ஆள் இருக்கிறது.

ஒரு மரத்துப் பணம் தனக்கோட்டிக்குக் குறைந்தது.
அவர் அதுபற்றி என்னிடம் கேட்கவில்லை.
பேர் வைத்தாரா என்று
நானும் போய்க் கேட்கவில்லை.