இருப்பு

மருந்தகப் பதிவேட்டில் என் எழுத்து சிறியது.
மூன்று மாதமாக ஒரே வரி, சிவப்பு மையில்:
இருப்பு இல்லை.
தேதி மட்டும் மாறும்.

கச்சான் மண்ணை வாரியடித்த செவ்வாய்க்கிழமை
நம்புசெல்வி வந்தாள்.
விரல்களில் சுற்றிய துணி காயவில்லை.
கணுக்காலில் தகரத்தட்டு கட்டிய தடம்.
கரு கலைக்கும் மாத்திரை வேண்டும் என்றாள்,
காய்ச்சல் மாத்திரை கேட்கும் அதே குரலில்.
வரிசையில் நின்றவர்கள்தான்
பேச்சைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

எத்தனை நாள் என்றார் டாக்டர்.
"தலைக்குத் தண்ணி ஊத்தி
ரெண்டு வெள்ளுவா போச்சு.
நாளைக்குக் காருவா."
அவர் மேசைக் காலண்டரைப் புரட்டி
ஏழு வாரம் என்று எழுதுவதற்குள்
அவள் அடுத்த பாசி நாளைக்
கணக்குப் போட்டு முடித்திருந்தாள்.

"வீட்டுக்காரர் கையெழுத்து?"
கேட்டது நர்ஸ்.
காளீஸ்வரன் போன மாதம்
நெடுந்தீவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று
தெரியாத ஒரு தண்ணீரில் பிடிபட்டு
யாழ்ப்பாணத்தில் இருக்கிறான்.
வாய்தா தள்ளிப் போகிறது.
"அங்க போயி வாங்கியாரவா?"
அவள் சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

சட்டத்தில் அப்படியொரு கோடு கிடையாது.
வயது வந்தவள், அவள் சம்மதம் போதும்.
பயிற்சி வகுப்பில் நானே குறித்துக்கொண்டதுதான்.
கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று
அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எப்படியும் மாத்திரை இல்லை.
நான் அனுப்பிய தேவைப் பட்டியல்
பச்சை மையில் திரும்பி வந்திருந்தது:
'சென்ற ஆண்டு பயன்பாடு பூஜ்யம்.
தேவை எழவில்லை.'
சென்ற ஆண்டும் இருப்பு இல்லை, ஐயா.

புயல் காப்பகத்தில் கிராமசபை.
பாசிக்காரப் பெண்கள் மனு கொடுத்தார்கள்:
வாரத்தில் இரண்டு நாள் பெண் டாக்டர்,
கேட்டவளுக்குக் கேட்ட நாளில் மாத்திரை.
வார்டு உறுப்பினர் கிரகோரி எழுந்தார்.
"அவங்கவங்க பாவம் அவங்கவங்களோட.
அதுக்கு எதுக்கு என் வரிப்பணம்?"
கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது.
ஏன் என்று எனக்குத் தெரியும்.
அவர் மனைவிக்கு மூன்று முறை
இரும்புச்சத்து மாத்திரை எண்ணிக் கொடுத்தவள் நான்.
மூன்று முறையும் தொட்டில் வரைக்கும் வரவில்லை.
அவரைக் கோபிக்க முடியவில்லை.
அவர் சொன்னது சரியென்றும் தோன்றவில்லை.

பின்வரிசையிலிருந்து சீனியம்மாள்
எழுந்திருக்காமலே கேட்டாள்:
"மீனு முட்டையிடணும்னு ரெண்டு மாசம்
படகைக் கட்டிப்போட்டு நிவாரணம் வாங்குறிய.
அது யாரு பணம்?"
கொஞ்சம் சிரிப்பு.
"மீனுக்குக் குடுக்கத் தெரியுது.
பெறமாட்டேன்னு ஒருத்தி சொன்னா
எல்லாருக்கும் வரி கட்டுனது ஞாபகம் வந்துருது."
மைக் இரைந்தது.
தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது.
காரப்பொரி கொடுத்தார்கள்.

நம்புசெல்வி அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்கவில்லை.
ஏழு வாரம் எட்டாகும், எட்டு ஒன்பதாகும்,
நிலா யாருக்காகவும் தள்ளி வைப்பதில்லை.
வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு
பரமக்குடியில் ஒரு மாடிப்படி ஏறினாளாம்.
எவ்வளவு ஆயிற்று என்று பிறகு கேட்டேன்.
ரூபாயில் சொல்லவில்லை.
"பதினோரு மூட்டை கட்டக்கோரை.
காஞ்சது."

ஈரத்தில் அது எத்தனை மூட்டை,
எத்தனை முறை மூச்சடக்கி இறங்க வேண்டும்,
எனக்குக் கணக்குத் தெரியாது.
நான் காகிதத்தில் எண்ணுகிறவள்.

நேற்று மறுபடி தேவைப் பட்டியல் நிரப்பினேன்.
சிவப்புப் பேனா தீர்ந்திருந்தது,
நீலத்தில் எழுதினேன்.
தேவை: 1.
எழுத்தாலும் எழுதச் சொல்கிறது படிவம்.
ஒன்று என்று எழுதி,
அடித்து,
ஒருத்தி என்று எழுதினேன்.

திருப்பி அனுப்புவார்கள்.