ரிமோட்

தவணையில் லூர்து வாங்கிய டிவியில்
இரண்டு இளஞ்சிங்கங்கள்
ஆற்றைக் கடந்து வந்துவிட்டன.
கிழட்டு ஆண் நொண்டிப் போகிறது,
திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.

அடுத்தது எனக்குத் தெரியும்.
குட்டிகள்.

ரப்பர் பேண்ட் சுற்றிய ரிமோட்டைத் தேடுகிறேன்.
ஜோவின் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறான்.
ரெஜினாவின் பிள்ளை, ஆறு வயது.
நான் இந்த வீட்டுக்கு வந்து நாலு மாதம்.

காசிமேட்டு ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி.
கீழே தண்ணீர்த் தொட்டியருகே
லூர்துவின் குரல்.
குடித்தால் வருவான்.
படியேற மாட்டான்.
என் பேரைச் சொல்லி,
என் அம்மாவைச் சொல்லி,
கண்டெய்னர் லாரிக்கு மேல் கத்துவான்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"இன்னாத்துக்கு அங்கிள் குட்டிய கடிக்குது?"
கேட்டுக்கொண்டே
மடிக்கு நகர்கிறான்.

ரிமோட் அங்கேயேதான் கிடக்கிறது.
எடுக்க
ஒரு கையும் காலியாக இல்லை.