புள்ளி வரவில்லை

திங்கள் காலை, பதினோரு மணிக்கு,
சடையன் மகன் வெள்ளையன்
சாதிச் சான்றிதழில்
சடையன மகன வெள்ளையன ஆனார்.
சிரித்துவிட்டேன்.
கவுண்டருக்கு அந்தப்புறம் நின்றவர்
தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

ஏற்காட்டில் ஆடி மாதம்.
ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே வந்து
ஃபைல் அடுக்கின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.
ஈரம்தான் என்று நினைத்தேன்.
நினைப்பு போதாதே, சோதிக்க வேண்டும்.

கம்பியைப் பிடுங்கிச் சொருகினேன்.
முன்பக்கத் துளையிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றினேன்.
அணைத்து, இருபது எண்ணி, போட்டேன்.
கவிழ்த்துத் தட்டியதில் விழுந்தவை:
மேரி பிஸ்கட் தூள், ஸ்டேப்ளர் பின் ஒன்று,
எந்த வருஷத்து எறும்போ.
ஒரு மிளகாவது விழுந்திருந்தால்
கதையாகச் சொல்லலாம்.
விழவில்லை.

பக்கத்து மேசை ஞானப்பிரகாசி டீக்குப் போன நேரம்
அவருடைய கீபோர்டை இழுத்துச் சொருகினேன்.
வெள்ளையன் முழுசாக வந்தார்.
ஆக, கணினி இல்லை. மென்பொருள் இல்லை.
இதுதான். இதிலும் ஒரே ஒரு சாவி:
இடது சுட்டுவிரல்
பார்க்காமலே வந்து உட்காரும் சாவி.
விரலுக்கு அடையாளமாக
அதன் மேல் ஒரு சின்ன மேடு.
தமிழில் அழுத்தினால் புள்ளி.
ஷிஃப்டோடு அழுத்தினால் ஆய்தம்.
நான்கு புள்ளிகள் ஒரே குழியில்.

அப்படியும் அம்மா வருகிறது.
பட்டா வருகிறது. தங்கை வருகிறது.
இரட்டித்தால் புள்ளி தானாக விழும்.
ங வுக்குப் பக்கத்தில் க,
ந வுக்குப் பக்கத்தில் த,
சொந்தக்காரர்கள் சேர்ந்தாலும் விழும்.
அந்நியத்தோடு ஒட்டி நிற்பதற்கும்
சொல்லின் கடைசியில் தனியே நிற்பதற்கும்தான்
ஒரு விரல் வேண்டியிருக்கிறது.
காளியம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.
பொன்னுருவிக்கும்.
ஆண்கள்தான் பட்டியல் நெடுக
வாய் திறந்தபடி நின்றார்கள்.

ஞானப்பிரகாசி திரும்பி வந்து
தன்னுடையதை வாங்கிக்கொண்டார்.
சேலத்துக்குப் புகார் அனுப்பினேன்,
இருந்த கீபோர்டில், சுருக்கமாக:
புள்ளி வரவில்லை.

மத்தியானம் பதில்.
"வருகிறதே மேடம்.
உங்கள் புகாரிலேயே இரண்டு இருக்கிறது.
புகார் முடிக்கப்பட்டது."
எண்ணிப் பார்த்தேன்.
ள்ளி. ல்லை.
உண்மை.

எஃப் சாவி என்று எழுதப் போனால்
எப சாவி என்று வந்தது.
எப சாவி எது என்று அவர் கேட்பார்,
நானே கேட்பேன்.

"பேரு தப்பா வருதுங்க, நாளைக்கு வாங்க."
"எம் பேரா?"
"புள்ளி மட்டும்."
"புள்ளிதானே, பேனாவுல வெச்சிரு தாயி."
சான்றிதழில் பேனா செல்லாது.
செல்லும் என்றால் வைத்திருப்பேன்.
காலை ஏழு மணிக்கே கிளம்பி நடந்தவர்
திரும்ப நடந்தார்.

மூன்று மணிக்கு இரண்டாம் புகார்.
இந்தத் தடவை எதையும் சுருக்கவில்லை,
எதையும் திருத்தவில்லை:

முனவ்வர அவரகளுக்கு,
ஏறகாடு தாலுகா அலுவலகம.
மூன்றாம மேசை. கீபோரடு.
இப்படிக்கு
பெரனதெத

பத்தே நிமிஷம்.
"மேடம், என் பேரின் கடைசிப் புள்ளியைக் காணோம்.
இப்போது புரிகிறது.
நாளைக் காலை முதல் பஸ்ஸில்
கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்."

வந்தது, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி,
தக்காளிக் கூடைக்கும் கோழித்தீவன மூட்டைக்கும் நடுவில்.
சுட்டுவிரல் மேட்டைத் தடவியது.
வெள்ளையன் வரும் முன்பே
சடையன் மகன் வெள்ளையன் அச்சாகி
சூட்டோடு காத்திருந்தார்.

பழையதை அட்டைப்பெட்டியில் வைத்து
நூல் போட்டுக் கட்டினேன்.
பழுது எது என்று மேலே எழுத வேண்டுமாம்.
பேனாவால் எழுதினேன்: எஃப்.
மூன்று புள்ளியையும், அப்புறம் நான்காவதையும்,
அட்டை கிழியும்படி
அழுத்தி வைத்தேன்.